கஸ்தூரிக்கு வயது இறங்கிய மழைக்காலம்

ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் நாற்பத்திரண்டு குதிரைகள் சவாரிக்கு நின்ற அந்த மலையூரில், எந்தக் குதிரைக்கு என்ன வயது என்று கேட்டால் நகராட்சிக்காரர்களும், மாட்டாஸ்பத்திரி டாக்டரும், விற்க வந்தவனும் வாங்க வந்தவனும் யாசினைத்தான் கைகாட்டுவார்கள். அவன் இடிக்குப் பயப்படுவான், காக்கிச்சட்டைக்குப் பயப்படுவான், பனி இறங்கிய பைன் காட்டுக்குள் தனியாகப் போகப் பயப்படுவான். குதிரையின் வாய்க்குள் கையை விட மட்டும் அவன் பயந்ததே இல்லை. பல் இல்லாத கடைவாய் இடுக்கில் கட்டைவிரலை நுழைத்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்துவிட்டு அவன் ஒரு எண் சொன்னால் அதுதான் அந்தக் குதிரையின் வயது. குழியுள்ள பல் இளசு, குழி தேய்ந்த பல் நடுவயசு. அதற்கும் மேலே போனால் மேல்தாடை ஓரப்பல்லைப் பார்க்க வேண்டும். பத்து வயதில் ஈறோரமாக ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கும், இருபதில் நுனியைத் தொடும், பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறையும். இருபது வருடமாகப் பல் பார்க்கிறான், ஒரு தடவைகூட ஒரு வயது கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

அவனுடைய சொந்தக் குதிரை கஸ்தூரி, கருந்தவிட்டு நிறத்துப் பெட்டை, இருபத்திநான்கு வயது. சவாரிக்கு லாயக்கில்லை என்று நகராட்சி அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் அதை விற்க அவனுக்கு மனசு வரவில்லை. அது பாட்டுக்குச் சரிவில் மேய்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரிக்கரைக் குதிரை ஸ்டாண்டுக்கு வரும். அன்றைக்குத்தான் அவன் மகள் தஸ்லீமா, ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்த பொக்கைவாய்க்காரி, அத்தாவோடு ஏரிக்கு வருவாள், கையில் ஒரு கேரட் இருக்கும்.

ஐப்பசி மழை விட்ட முதல் ஞாயிறு கஸ்தூரி தரையில் கிடந்த புல்லைத் தின்னவில்லை. தொட்டியில் போட்ட கொள்ளையும் மோந்து பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. தஸ்லீமா உள்ளங்கையில் வைத்து நீட்டிய கேரட்டை மட்டும் உதடு குவித்து எடுத்துக்கொண்டது. அதிலிருந்து அது மனிதக் கையில் இருந்ததைத் தவிர வேறெதையும் தின்னவில்லை. கிழட்டுக் குதிரையின் செல்லம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மறுவாரம் தஸ்லீமாவின் செருப்பு அவளுக்குச் சேரவில்லை. அதற்கடுத்த வாரம் பள்ளிச் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. விழுந்த முன்பற்கள் இரண்டும் ஒரே வாரத்தில் அகலமாக, விளிம்பில் அரம்போல முளைத்து நின்றன. யாசினின் மனைவி மெஹருன்னிசா தையல் மெஷின் வைத்திருந்தவள். அவள் மகளுடைய பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டாள், பிரித்ததும் போதாமல் துணி ஒட்டினாள், ஒட்டிய துணியும் போதாமல் தன் சேலையை வெட்டினாள். பள்ளிக்கூடத்தில் லூர்துமேரி டீச்சர் தஸ்லீமாவை இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்கு மாற்றி உட்கார வைத்தார். நான்காம் வகுப்புக் கணக்கை அவள் போட்டாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் ஐந்துக்கு மாற்றினார். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்து அடித்து எழுதிச் சலித்துப்போய் கடைசியில் பென்சிலால் எழுதிவைத்தார்.

ஊர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பனி அதிகமான வருஷம் பேரிக்காய் சின்னதாகக் காய்க்கும், அதுபோல ஏதோ என்று இருந்துவிட்டார்கள். டீக்கடை ரோசிலி மட்டும், "பொம்பளப்புள்ள கொடி மாதிரி வளருது, கண்ணுபடப் போகுது, சுத்திப் போடுங்க" என்று மெஹருன்னிசாவிடம் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அரை கிளாஸ் பாலுக்குப் பதிலாக முழு கிளாஸ் கொடுத்தாள்.

நான்காவது ஞாயிறு பகலில், ஏரியில் படகுகள் நிறைந்து கிடந்த நேரத்தில், யாசின் சும்மா ஒரு பழக்கத்தில் கஸ்தூரியின் வாயைத் திறந்தான். திறந்த கை அப்படியே நின்றது. மேலிருந்து மறைந்துகொண்டிருந்த பழுப்புக் கோடு திரும்ப வந்திருந்தது. வந்தது மட்டுமல்ல, நுனியிலிருந்து சுருங்கி, பாதிப் பல்லில் நின்றது.

பதினைந்து.

அவன் வாயை மூடினான். சுற்றுமுற்றும் பார்த்தான். மறுபடி திறந்தான். பதினைந்துதான். குதிரையின் சூடான மூச்சு அவன் மணிக்கட்டில் பட்டது, முதுகுத்தண்டில் ஈரத் துணியைப் போட்டதுபோல ஒரு குளிர் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் தஸ்லீமா நிற்கிறாள், கேரட் கொடுத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவன் நெஞ்சு உயரத்துக்கு.

"வாயத் திற."

"எதுக்கு அத்தா?"

"திறம்மா."

குதிரைக்குப் பார்ப்பதுபோலவே தாடையைப் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தான். கோரைப்பல்லுக்கு முந்தியது விழுந்து முளைத்திருந்தது, அதற்கடுத்தது ஆடிக்கொண்டிருந்தது. போன மாதம் ஏழு வயதாக இருந்த பிள்ளைக்குப் பதினொன்று. நான்கு ஞாயிறு, நான்கு கேரட். அவன் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், "நான் என்ன குதிரையா அத்தா?" என்றாள். அந்தச் சிரிப்பும்கூடப் போன வாரத்துச் சிரிப்பு இல்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தான். தஸ்லீமாவை ஏரிப்பக்கம் வரக்கூடாது என்று தடுத்தான், கஸ்தூரியை ஊருக்கு மறுபுறம் உருளைக்கிழங்குக் கிடங்குக்குப் பின்னால் இரட்டைக் கயிற்றில் கட்டினான். மூன்றாம் நாள் மதியம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தபோது, கயிறு அறுந்து தொங்க, கஸ்தூரி ஆறாம் வகுப்பு ஜன்னலுக்குள் தலையை விட்டபடி நின்றது. தஸ்லீமா தன் டப்பாவிலிருந்து சப்பாத்தியைப் பிட்டுக் கொடுத்திருந்தாள். யாசின் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தபோது, அவளுடைய சட்டைத் தோளில் தையல் பிரிந்திருந்தது. பன்னிரண்டு.

"பாவம் அத்தா, பசிச்சுச்சு" என்றாள் அவள்.

இந்தத் தடவை சங்கிலி போட்டான். குதிரை கத்தவில்லை, உதைக்கவில்லை, வீடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றது. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. மனசு கேட்காதவர்கள் அவன் இல்லாத நேரத்தில் போகிறபோக்கில் ஒரு கை கொள்ளு, ஒரு பிடி புல் என்று நீட்டினார்கள், அதையும் தின்றது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் பல் இளசாகிக்கொண்டே போனது. பழுப்புக் கோடு ஈறுக்குள் போய் ஒளிந்துகொண்டது. குழிகள் திரும்பி வந்தன. ஒன்பது வயதுக் குதிரையாக, மினுமினுத்த தோலோடு, அது சங்கிலியை இழுத்து இழுத்து முளையை ஆட்டத் தொடங்கியபோது, யாசின் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்துக்குத் துணிந்தான். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற தங்கவேலு என்பவனுக்கு, நல்ல பெட்டை ஒன்று இருக்கிறது என்று சொல்லி அனுப்பினான்.

தங்கவேலு காலைப் பஸ்ஸில் மனைவியோடு வந்தான். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும், வளைகாப்பு வளையல் கை நிறைய. மலையைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்று கூட்டிவந்திருந்தான்.

"வயசு என்னண்ணே?" என்று கேட்டான் தங்கவேலு. "நீங்க சொன்னா நான் வாயத் தொறந்துகூடப் பாக்க மாட்டேன். உங்க சொல்லு அப்படின்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"ஒன்பது" என்றான் யாசின். பல் சொன்னதைத்தான் அவன் சொன்னான். ஆனாலும் சொன்ன மாத்திரத்தில், தான் சொன்ன முதல் பொய் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று அந்தப் பெண் மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்தாள். இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, வெல்லம் இருந்த கையை நீட்டினாள். கஸ்தூரி உதட்டைக் குவித்தது.

அந்த ஒரு வயசு யாருக்குப் போகும்? அவளுக்கா, உள்ளே இருப்பதற்கா? ஒரு வருஷத்துக் குழந்தை, பல் முளைத்த குழந்தை, அந்த வயிற்றுக்குள்!

யாசின் அலறிக்கொண்டே பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். வளையல்கள் உடைந்து சிதறின, வெல்லம் சேற்றில் விழுந்தது, தங்கவேலு அவனை ஓங்கி அறைந்தான். "புள்ளத்தாச்சி மேல கை வக்கிறியா நாயே!" யாசின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "போயிருங்க, போயிருங்க, கூட்டிட்டுப் போயிருங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவர்கள் பஸ் ஏறும்வரை அங்கேயே நின்றான்.

பிறகு அவன் கஸ்தூரியைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு நேராகக் குதிரை ஸ்டாண்டுக்கு வந்தான். சுற்றுலாக்காரர்கள் இன்னும் வராத நேரம். எல்லோரும் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று, பல்லில் பார்த்ததையும், பிள்ளை வாயில் பார்த்ததையும், இப்போது செய்யப் பார்த்த பாவத்தையும் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

"எங்களுக்கும் தெரியும்டா" என்றார் தேவசகாயம். ஸ்டாண்டில் எல்லோருக்கும் மூத்த குதிரைக்காரர். "உம்புள்ளய தினமும் பாக்குறமே, கண்ணு இல்லயா? வாயத் தொறந்தா எங்க வீட்டுக்கும் வந்துருமோன்னு பயந்துக்கிட்டு இருந்தோம்."

"இருபத்திநாலு இருந்துச்சு, ஒன்பது ஆயிருச்சு, பதினஞ்சு இறங்கியிருக்கு" என்றான் யாசின். "எம்புள்ளகிட்ட அஞ்சுதாண்ணே வந்திருக்கு. மிச்சம் பத்து எங்க போச்சு? அதுவும் அவளுக்குன்னு எங்கயோ காத்துக்கிட்டு இருக்கோன்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்கல."

தேவசகாயம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் ரெண்டு தடவ கொள்ளு குடுத்தேன்" என்றார் மெதுவாக. "இந்த மாசமாத்தான் படி ஏற முடியல." டீக்கடைக்குள் இருந்து ரோசிலி எட்டிப் பார்த்தாள். "நான் மூணு நாள் பன்னு குடுத்தேன்" என்றபடி காதோரம் புதிதாக வெளுத்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மற்றவர்கள் தலையைக் குனிந்து, தங்கள் கைகளைப் பார்த்தார்கள். வளர்ந்த மனிதர்களுக்கு ஒரு வயசு ஏறினால் அது முகத்தில் தெரிவதில்லை. ஏழு வயதில்தான் அது கத்துகிறது.

யாரோ குதிரையைச் சுட்டுவிடலாம் என்றார்கள். சுட்டால் இருக்கிற ஒன்பதும் மொத்தமாக எங்கே போய் விழும் என்று இன்னொருவர் கேட்டார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. பட்டினி போட்டால் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பனி ஏரியிலிருந்து ஏறி வந்து எல்லோருடைய காலையும் மூடியது.

"ஒன்பதுதானே" என்றாள் ரோசிலி. "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா?"

அவளே ஒரு பன்னோடு இறங்கி வந்தாள். அதை நீட்டினாள், கண்ணை மூடிக்கொண்டாள், வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். குதிரை தின்று முடித்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல, கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கடைக்குள் போய்க் குரல் வராமல் அழுதாள். தேவசகாயம் நொண்டிக்கொண்டே வந்து ஒரு பிடி கொள்ளு நீட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கூட்டத்தைப் பார்த்து நின்ற லூர்துமேரி டீச்சர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு, மூணாயிட்டுப் போகுது" என்று தன் டப்பா இட்லியை நீட்டினார். பள்ளிவாசல் அஸ்ரத்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேரீச்சம்பழம் கொடுத்தார். யாசினோடு எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கோட்டைச்சாமி, அவன் முகத்தைப் பார்க்காமலே வந்து, புல்லைக் கொடுத்துவிட்டு, பார்க்காமலே போனான். ஒவ்வொரு கைக்கும் யாசின் வாயைத் திறந்து எண் சொன்னான். எட்டு. ஏழு. ஆறு. ஐந்து. நான்கு. குதிரை அவர்கள் கண்முன்னே உயரம் குறைந்து, கால் நீண்டு, குட்டியாகிக்கொண்டு வந்தது.

ஆறாவதாக வந்தவர் படகுக்காரர் பிச்சைக்கனி, எண்பத்துமூன்று வயது. "உங்களுக்கு வேண்டாம் பெரியவரே" என்று யாசின் தடுத்தான். "எல்லாரும் ஒண்ணு எடுக்குறீங்க, நான் மட்டும் என்ன கஞ்சனா?" என்று அவர் சிரித்து, ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். மூன்று. அவர் படகுத்துறைக்கு நடந்து போனார், தன் படகில் உட்கார்ந்தார், துடுப்பை மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சவாரிக்குக் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கொடுக்கப்போகிற ஒரு வருஷத்துக்குள்தான் தன் சாவு இருக்கிறதோ என்று ஒவ்வொருவரும் தனக்குள்ளே எண்ணிப் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிச்சைக்கனியைக் குளிப்பாட்டப் போகிறோம் என்று ஒவ்வொருவராக விலகினார்கள். மூன்று வயதுக் குட்டி, பசி அடங்காமல், வீடு இருக்கும் திசையைப் பார்த்து மெல்லக் கனைத்தது.

மெஹருன்னிசா அப்போதுதான் வந்தாள். யார் போய்ச் சொன்னார்களோ. தையல் ஊசி இன்னும் முந்தானையில் குத்தியிருக்க, பாதித் தேங்காய்ச்சில்லைக் குட்டியின் வாயில் வைத்தாள். இரண்டு. அடுத்த துண்டை எடுத்தவள் கையை யாசின் பிடித்துக்கொண்டான்.

"உனக்குப் போதும். பிள்ளைக்கு ஒரு ஆளாவது முழுசா வேணும்."

"உங்கத்தா மவுத்தானது எத்தன வயசுல?" என்றாள் அவள். அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறில். யாசினுக்கு அந்த மாதம் நாற்பத்திநான்கு முடிந்திருந்தது.

அவன் தேங்காய்ச்சில்லை அவள் கையிலிருந்து வாங்கி இரண்டாக உடைத்தான். முதல் துண்டைக் கொடுத்தபோது ஈரமான உதடு உள்ளங்கையை வருடியது, அவன் ஒரு வயது கூடினான். இரண்டாவதை நீட்டக் கை எழவில்லை, முழங்கை மரத்துப்போனது. மெஹருன்னிசா அந்த முழங்கையைத் தன் கையால் தாங்கித் தூக்கினாள். குட்டி தின்றது. யாசின் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெஞ்சுக்குள் அடிப்பதை எண்ணினான், ஐம்பது, அறுபது, நூறு, நின்றுவிடும் நின்றுவிடும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது காலடியில், சங்கிலி வளையம் கழுத்துக்குப் பெரிதாகி நழுவி விழுந்திருக்க, அப்போதுதான் பிறந்த குட்டி ஒன்று ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு கிடந்தது. அவன் விரலை அதன் வாய்க்குள் விட்டான். ஈறு வழுவழுவென்று இருந்தது. சொல்வதற்கு எண்ணே இல்லை.

கோட்டைச்சாமியின் குதிரை பத்து நாள் முன்பு குட்டி போட்டுச் சாகக் கொடுத்திருந்தது, மடியில் பால் கட்டிக்கொண்டு நின்றது. கோட்டைச்சாமி வாய் திறந்து கேட்கவில்லை, குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் மடியில் விட்டான். எட்டாம் நாள் ஈறைக் கிழித்துக்கொண்டு முன்பல் இரண்டு தலைகாட்டின. அன்றைக்கு யாசின் விடியலிலிருந்து சாயங்காலம்வரை தஸ்லீமாவின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவள் வளரவில்லை. மார்கழியில் குட்டி தரையில் கிடந்த புல்லைத் தானாகக் கடித்தது. ஸ்டாண்டே வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது, யாரும் கிட்டே போகவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் அந்த ஊரில் யாரும் எந்தப் பிராணிக்கும் கையில் வைத்து ஊட்டவில்லை, தட்டில் வைத்துத் தள்ளிவிட்டார்கள்.

தஸ்லீமா பன்னிரண்டிலேயே நின்று, மற்றப் பிள்ளைகளைப் போல மெதுவாகப் பதிமூன்றை நோக்கிப் போனாள். லூர்துமேரி டீச்சர் அவள் பெயரைப் பேனாவால் எழுதினார். ஒருநாள் மாலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, ரோசிலியின் கடை பெஞ்சில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அத்தா, எட்டு வயசுல நான் எப்படி இருந்தேன்?"

கடையில் இருந்த எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். யாசின் அவளைப் பார்த்தான். அப்படி ஒரு வயசே உனக்கு இல்லை என்று சொன்னால் அந்த இடத்தில் இவள் எதை வைத்துக்கொள்வாள்?

"எட்டுலயா?" என்றார் தேவசகாயம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எட்டுல நீ ஏரிக்குள்ள விழுந்துட்டே. பிச்சைக்கனி தாத்தாதான் முடியப் புடிச்சுத் தூக்குனாரு. ஊரே கூடிருச்சு."

"அழுதேனா?"

"எங்க அழுதே? தாத்தா படகுல மறுபடி ஏத்துன்னு அடம்புடிச்சே."

"ஒன்பதுல?"

"ஒன்பதுல என் கடைல கல்லாவுல உக்காருவேன்னு ஒரு மாசம் நின்னே" என்றாள் ரோசிலி, அடுப்பைப் பார்த்தபடி. "பன்னு விலைய நீயாவே ஏத்திட்டே, கழுத."

தஸ்லீமா சிரித்தாள், பிறகு ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"பத்து? பத்த நீங்க சொல்லுங்க அத்தா."

"பத்துல" என்றான் யாசின். "பத்துல நீ பல் பாக்கக் கத்துக்கிட்டே. கோட்டைச்சாமியோட குதிரைக்கு நான் ஏழுன்னேன், நீ ஆறுன்னே."

"யார் சொன்னது சரி?"

"நீ சொன்னதும்மா" என்றான்.